கண்ணாற் கண்ட சாட்சி

1908ஆம் ஆண்டு மார்கழி மாதம் 21ஆந் திகதி மாலை ஏழு மணியளவில், ஸ்கொத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரின் ஒரு மாடி வீட்டிலிருந்து வேலைக்காரப் பெண்ணொருத்தி மாலைப் பத்திரிகை வாங்கிவரப் புறப்பட்டாள். அவள் பெயர் ஹெலன் லம்பி, வயது இருபத்தொன்று. வீட்டிலே தனித்திருந்தவர் அவளுடைய எசமானி மரியன் கில்கிறிஸ்ற் என்னும் மூதாட்டி. எண்பது வயதைக் கடந்தவர், விவாகம் செய்யாதவர், நகைகளில் மிகுந்த ஆசையுடையவர். அந்நகைகளை அவர் இரும்புப் பெட்டியில் வைக்கவில்லை. உடுப்பு அலுமாரியில் ஆடைகளுக்கிடையே ஒளித்து வைத்திருந்தார். கள்வருக்குப் பயந்து கதவுக்கு இரட்டைப் பூட்டும் போட்டிருந்தார். கீழ்வீட்டில் அடம்ஸ் என்னுங் குடும்பத்தார் வசித்தனர். ஏதும் ஆபத்து நேர்ந்தால் நிலத்திலே தட்டுவது, தட்டுங் கேட்டால் அவர்கள் மேலே வருவது என்று ஓர் ஏற்பாடும் இருந்தது.

அன்றிரவு தட்டுங் கேட்டது. இசைக்கலைஞரான ஆதர் அடம்ஸ் மூக்குக்கண்ணாடியையும் எடுக்காமல் மாடிப்படி ஏறி மணியை அடித்தார். உள்ளே விறகு கொத்துவது போன்ற சத்தம். வேலைக்காரிதான் அடுப்புக்கு விறகு பிளக்கிறாள் என எண்ணிக் கீழே இறங்கினார். சகோதரி விடவில்லை, மறுபடியும் போகச் சொன்னாள். அவர் இரண்டாந் தரம் வாசலில் நிற்கையிலே லம்பி பத்திரிகையுடன் வந்து கதவைத் திறந்தாள். அப்பொழுது உள்ளிருந்து ஒரு மனிதன் வந்தான். பதற்றமில்லை, கனவான் போலவே வந்தான், ஏதோ பேச வருகிறான் என்றே அடம்ஸ் நினைத்தார். அவரைக் கடந்ததும் படிகளில் மின்னலெனப் பாய்ந்து மறைந்தான். சாப்பாட்டறையில், அடுப்படியின் அருகே, மூதாட்டி தலை சிதைந்து கிடந்தார். முகத்தை ஒரு கம்பளம் மூடியிருந்தது. நகைகளிற் காணாமற் போனது ஒன்றேயொன்று: பிறைவடிவான வைரப் புறூச்சு. கடிதங்களும் பத்திரங்களும் வைத்திருந்த மரப்பெட்டி உடைக்கப்பட்டு, காகிதங்கள் நிலமெங்குஞ் சிதறியிருந்தன. கதவு உடைக்கப்படவில்லை. கொலைஞனைக் கிழவியே உள்ளே விட்டிருக்கவேண்டும் என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும்.

அந்த மனிதனைக் கண்டவர் மூவர். அடம்ஸ் கண்ணாடி இல்லாது கண்டார். லம்பி வாயு விளக்கின் மங்கல் ஒளியிற் கண்டாள். மூன்றாமவள் மேரி பரோமன் என்னும் பதினாலு வயதுச் சிறுமி. கடையொன்றிலே சாமான் கொண்டுபோய்க் கொடுப்பவள். அன்று மாலை ஒருவன் அவ்வீட்டு வாசலிலிருந்து ஓடிவந்து தன்மேல் மோதிச் சென்றான் என்று அவள் சொன்னாள். மூவருக்குங் கிடைத்த நேரம் சில கணங்களே. லம்பி சொன்ன உடுப்பு ஒன்று. பரோமன் சொன்ன உடுப்பு வேறொன்று. பரோமன் கண்டவன் உயர்ந்து மெலிந்தவன், மீசையில்லாதவன், மூக்கு ஒருபுறஞ் சாய்ந்தவன். இரண்டு விவரங்களும் பொருந்தாமையைக் கண்ட பொலிஸார் முதலில், சம்பந்தப்பட்டவர் இருவராயிருக்கலாம் என்றே எண்ணினர். இரு வேறு அடையாளங்களை வெளியிட்டும் விட்டனர்.

நத்தார் தினத்தன்று ஒரு துப்புக் கிடைத்தது. ஒஸ்கார் என்ற பெயருடைய ஜெர்மன் யூதன் ஒருவன் பிறைவடிவான வைரப் புறூச்சின் அடகுச் சீட்டை விற்க முயல்கிறான் என்று ஒருவர் வந்து சொன்னார். பொலிஸார் அவன் இருப்பிடத்துக்குப் போனபோது பறவை பறந்துவிட்டிருந்தது. அன்றிரவே ஒஸ்கார் சிலேற்றர் லிவர்பூலுக்குச் சென்று, மறுநாள் லூசித்தேனியா என்னுங் கப்பலில், ஒரு பெண்ணுடன், வேறு பெயரில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டுவிட்டான். இதைவிட வேறென்ன வேண்டும்?

வேறொன்று வேண்டியிருந்தது. அடகு வைத்த புறூச்சு கில்கிறிஸ்ற் அம்மையாருடையதாக இருத்தல் வேண்டும். அது அப்படி இருக்கவில்லை. சிலேற்றரின் புறூச்சு கொலைக்கு ஒரு மாதத்துக்கு முன்னரே, கார்த்திகை 18ஆந் திகதி, அடகுக் கடைக்குச் சென்றிருந்தது. லம்பியும் அதைப் பார்த்து, எசமானியின் நகை அதுவன்று என்றாள். மதுரையிலே ஒரு சிலம்பை மற்றொரு சிலம்பெனக் கொண்டதனால் ஓர் உயிர் போயிற்று. பரல் வேறெனக் கண்ட கணமே பாண்டியன் அரியணையில் வீழ்ந்து உயிர்விட்டான் எனச் சிலப்பதிகாரங் கூறுகின்றது. கிளாஸ்கோவில் நகை வேறெனக் கண்ட பின்னரும் ஒருவரும் அசையவில்லை. எந்தத் துப்பினாற் சிலேற்றரைத் தேடத் தொடங்கினார்களோ அந்தத் துப்பு செத்துவிட்டது; தேடுதல் மாத்திரஞ் சாகவில்லை.

சிலேற்றர் நல்லவன் என்று எவருஞ் சொன்னதில்லை. ஜெர்மனியின் சிலேசியா மாகாணத்திலே 1872இற் பிறந்தவன். சூதாட்ட விடுதிகளிலும் நகை வியாபாரத்திலும் சீவித்தவன். மனைவியைப் பிரிந்து, அவள் தன்னைத் தேடாதபடி பெயர்களை மாற்றிமாற்றி வாழ்ந்தவன். கூடியிருந்த பெண்ணின் தொழிலும் கௌரவமானதன்று. அயலான், யூதன், ஒழுக்கங் கெட்டவன் என்ற மூன்றும் ஒருங்கே அவன் தலைமேல் இருந்தன. எனினும் அமெரிக்கப் பயணம் கொலைக்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டது. கிளாஸ்கோவில் அவன் தன் பயணத்தை ஒளிக்கவுமில்லை. தை மாதம் 2ஆந் திகதி நியூயோர்க்கிலே கைது செய்யப்பட்டான். சட்டப்படி எதிர்த்து நிற்க வழியிருந்தும், அதனை அவன் கைவிட்டு, தானாகவே ஸ்கொத்லாந்துக்குத் திரும்ப இணங்கினான். குற்றவாளி செய்கின்ற காரியமா இது என்று பின்னர் பலர் கேட்டனர்.

திரும்புவதற்கு முன் நியூயோர்க்கில் நடந்ததே இவ்வழக்கின் வேர். மூன்று சாட்சிகளும் அங்கே அனுப்பப்பட்டனர். லம்பியும் பரோமனும் பன்னிரண்டு நாட் கப்பற் பிரயாணத்தில் ஒரே அறையில் இருந்தனர். கொலைஞனின் தோற்றத்தைப்பற்றி ஒரு வார்த்தையும் தமக்குள் பேசவில்லை என்று பின்னர் சத்தியஞ் செய்தனர். பதினாலு வயதும் இருபத்தொரு வயதும் பன்னிரண்டு நாள் அதைப் பேசாதிருந்தன என்பதை நம்பக் கூடியவர் நம்பலாம். பரோமனுக்கும் அடம்ஸுக்கும் சிலேற்றரின் நிழற்படம் முன்கூட்டியே காட்டப்பட்டது. அப்புறம், அவர்கள் நின்ற நடைவழியாலேயே, உத்தியோகத்தர் ஒருவரோடு கைவிலங்கு பூட்டப்பட்டவனாய் அவன் கொண்டு செல்லப்பட்டான். இவ்வளவுக்கும் பின்னர் ‘அந்த மனிதன் இங்கே இருக்கிறானா?’ என்ற கேள்வி கேட்கப்பட்டது!

அந்த நாளிலுங்கூடச் சாட்சிகள் சொன்னது மிதமானது. முகத்தைத் தான் காணவில்லை, நடையைக் கொண்டே அறிகிறேன் என்றாள் லம்பி. அவனைப் போல இருக்கிறது என்றாள் பரோமன். மிக ஒத்திருக்கிறான், ஆனால் உறுதி கூறமாட்டேன் என்றார் அடம்ஸ். கிளாஸ்கோவுக்குக் கொண்டுவரப்பட்ட பின் அணிவகுப்பொன்று நடந்தது. சாதாரண உடையணிந்த ஸ்கொத்லாந்துப் பொலிஸாருக்கும் புகையிரத உத்தியோகத்தருக்கும் நடுவே இந்தக் கறுத்த தலைமயிர் அயலான் நிறுத்தப்பட்டான். கொக்குகளிடையே காகத்தைத் தேட நீண்ட நேரஞ் செல்லாது. வைகாசி மாதம் எடின்பரோ உயர் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியபொழுது, லம்பி முகத்தையுங் கண்டதாகச் சொன்னாள். பரோமன் ‘போல’ என்ற சொல்லை விட்டுவிட்டாள். இவனே அவன் என்றாள். அடம்ஸ் மாத்திரம் முன் நின்ற இடத்திலேயே நின்றார். காலஞ் செல்லச் செல்ல மனிதரின் ஞாபகம் மங்குவதே வழக்கம். இங்கே இருவரின் ஞாபகம் மாதத்துக்கு மாதந் தெளிந்துகொண்டு வந்தது.

இவர்கள் பொய் சொன்னார்களா? அப்படிச் சொல்வது எளிது. ஆனால் அதனால் விடயம் விளங்காது. பொய்ச்சாட்சிக்குத் தான் பொய் கூறுவது தெரியும். குறுக்கு விசாரணையிலே தடுமாறுவான். தவறாக நம்புகின்ற சாட்சி தடுமாறுவதில்லை. மங்கல் ஒளியிற் கண்ட முகத்தின்மேல் நிழற்படத்தின் முகம் வந்து படிகின்றது. அதன்மேல் நடைவழியிற் கண்ட முகம். அதன்மேல் அணிவகுப்பில் நின்ற முகம். ஈற்றில் நீதிமன்றத்திலே குற்றவாளிக் கூண்டைப் பார்க்கும்பொழுது, உண்மையாகவே அவளுக்கு அது தெரிந்த முகம். தெரிந்தது எங்கே என்பதிலேதான் பிழை. பரிசுப் பணமாக 200 பவுண் அறிவிக்கப்பட்டிருந்ததும், அதிலே 100 பவுண் பின்னர் பரோமனுக்குக் கிடைத்ததும் உண்மையே. ஆயினும் பணம் இல்லாமலும் இத்தகைய தவறு நிகழும்.

விசாரணை நான்கு நாள் நடந்தது. சிலேற்றரின் பெட்டியிலிருந்த சிறு சுத்தியல் கொலைக் கருவியெனக் காட்டப்பட்டது. பிணத்தை முதலிற் பார்த்த வைத்தியரோ, நாற்காலியொன்றே கருவியென எண்ணினார். அவர் சாட்சிக்கு அழைக்கப்படவேயில்லை. அன்றிரவு 8 மணி கழிந்து சிலேற்றரை அவனுடைய வீட்டு வாசலிலே கண்ட அயற்கடைக்காரர் ஒருவரும் அழைக்கப்படவில்லை. அன்றிரவு ஏழு மணிக்கு அவன் வீட்டிலேயே உணவருந்தினான் என்று கூடியிருந்த பெண்ணும் வேலைக்காரியுஞ் சொன்னார்கள். அவர்களுடைய சொல்லுக்கு அங்கே மதிப்பிருக்கவில்லை. அரசாங்கப் பிரதம வழக்கறிஞர் அலெக்சாந்தர் ஊர் கைக்குறிப்பின்றிப் பேசினார். தன் பெயர் பத்திரிகையில் வெளிவந்ததும் சிலேற்றர் ஓடினான் என்றார். பத்திரிகையிலே அவன் பெயர் அப்பொழுது வரவில்லை. நீதிபதி அதைத் திருத்தவுமில்லை. நீதிபதி கத்ரி பிரபு தாமே யூரரை நோக்கி, நிரபராதியெனக் கொள்ளப்படும் உரிமை சாதாரண மனிதனுக்கு மெய்யானது, இத்தகைய வாழ்வு வாழ்ந்தவனுக்கு அஃது அவ்வளவாக இல்லை என்ற கருத்துப்படக் கூறினார்.

இந்த வாக்கியத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளின் பின் வழக்கைப் புரட்டியது இதுவே.

ஸ்கொத்லாந்தில் யூரர் பதினைவர். அக்காலத்தில் எண்மர் ஒருமித்தாற் போதும். குற்றவாளி என்றவர் ஒன்பதின்மர். நிரூபிக்கப்படவில்லை என்றவர் ஐவர். குற்றவாளியல்ல என்றவர் ஒருவர். இங்கிலாந்தில் அன்று பன்னிருவரும் ஒரு மனப்பட வேண்டியிருந்தது. எல்லைக்கு அப்பால் இதே சாட்சியத்தோடு அவனைத் தூக்கிலிட இயன்றிராது. வைகாசி 27ஆந் திகதி தூக்கு என்று தீர்ப்பாயிற்று. இருபதினாயிரம் பேர் கையொப்பமிட்ட மனு போயிற்று. தூக்குக்கு இரண்டு நாளிருக்கையில், 25ஆந் திகதி, மரணதண்டனை ஆயுட்காலக் கடூழியமாக மாற்றப்பட்டது. ஏன் மாற்றினோம் என்பதற்கு அரசாங்கங் காரணங் காட்டவில்லை. குற்றவாளியாயின் அக்கொடுங் கொலைக்கு இரக்கம் ஏன்? நிரபராதியாயின் கடூழியம் ஏன்? இரண்டுங் கெட்டான் நிலையில் சிலேற்றர் பீற்றர்ஹெட் சிறையிற் கல்லுடைக்கப் போனான்.

மேன்முறையீடு செய்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அப்படியொரு மன்று ஸ்கொத்லாந்தில் இருக்கவில்லை. இங்கிலாந்திலும் அது புதிது. அடொல்ப் பெக் என்பவரைப் பல பெண்கள் தம்மை ஏமாற்றியவர் இவரேயென அடையாளங் காட்டினர். 1896இலும் 1904இலும் இருமுறை குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். பின்னர் மெய்க் கள்வன் அகப்பட்டான். அந்த வெட்கத்தினாலேயே 1907இற் குற்றவியல் மேன்முறையீட்டு மன்று அங்கே நிறுவப்பட்டது. ஸ்கொத்லாந்துக்கு அது 1926இலேதான் வந்தது.

இடையிலே சிலேற்றரை மறவாதவர் சிலர். வழக்கின் முழு விவரத்தையும் 1910இல் வில்லியம் றவ்ஹெட் நூலாக வெளியிட்டார். துப்பறியுங் கதைகளாற் புகழ்பெற்ற சேர் ஆதர் கொனன் டொயில் அதைப் படித்து, 1912இல் ஒரு சிறு நூல் எழுதினார். சிலேற்றரை அவருக்குப் பிடிக்காது. அவனுடைய ஒழுக்கத்தை அவர் இகழ்ந்தார். இருந்தும் எழுதினார், பதினாறு ஆண்டுகள் விடாது போராடினார். கதைகளிலே வாசகர் வியந்த அறிவை விட இந்தப் பிடிவாதமே மேலானது.

அவரினும் பெரிய விலை கொடுத்தவர் ஜோன் திரெஞ்ச் என்னும் கிளாஸ்கோப் பொலிஸ் உத்தியோகத்தர். கொலை நடந்த இரவே லம்பி வேறொருவனின் பெயரைக் கில்கிறிஸ்ற் அம்மையாரின் உறவினர் ஒருவரிடஞ் சொன்னாள், அந்தத் தகவல் மறைக்கப்பட்டது என்று 1914இல் அவர் வெளிப்படுத்தினார். அதற்குமுன் ஸ்கொத்லாந்துச் செயலாளரிடமிருந்து, தகவலைத் தரலாம் என்று எழுத்திற் பதிலும் பெற்றிருந்தார். விசாரணை மூடிய கதவுக்குள் நடந்தது. சாட்சிகள் சத்தியஞ் செய்விக்கப்படவில்லை. லம்பியும் அவ்வுறவினரும் மறுத்தனர். தீர்ப்பில் மாற்றமில்லை எனப்பட்டது. திரெஞ்ச் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். படையிற் சேர்ந்து போர்க்களம் புறப்பட இருந்தவரை, அவருக்கு உதவிய நியாயவாதி குக் என்பவரையுஞ் சேர்த்து, களவு நகை சம்பந்தமாகக் குற்றஞ்சாட்டினர். இருவரும் 1915இல் விடுதலையாயினர். திரெஞ்ச் 1919இல், குக் 1921இல் காலமாயினர். தாங்கள் சொன்னது பலித்ததை இருவரும் காணவில்லை.

1925இற் பீற்றர்ஹெட்டிலிருந்து விடுதலையான கைதியொருவன், சிலேற்றர் எழுதிய துண்டுக் கடிதத்தை நாவின்கீழ் ஒளித்துக்கொண்டு வெளியே வந்து டொயிலிடஞ் சேர்ப்பித்தான். அணைந்த நெருப்பு மீண்டும் மூண்டது. 1927இல் வில்லியம் பார்க் என்னும் பத்திரிகையாளர் நூலொன்று வெளியிட்டார். ஐப்பசி மாதத்தில் அமெரிக்காவில் வாழ்ந்த லம்பியைப் பத்திரிகை ஒன்று தேடிப் பிடித்தது. தான் தவறு செய்ததாக அவள் சொன்னதாய் அது பிரசுரித்தது. வேறொரு பத்திரிகை பரோமனைக் கண்டுபிடித்தது. ‘அவனைப் போல’ என்று மட்டுமே சொல்ல விரும்பியதாகவும், ‘அவனே’ என்று சொல்லும்படி தன்னை அதிகாரிகள் பழக்கியதாகவும் அவள் கூறினாள். சில நாட்களில், கார்த்திகை 14ஆந் திகதி, சிலேற்றர் சிறையிலிருந்து வெளியே விடப்பட்டான். பதினெட்டரை ஆண்டு கழிந்திருந்தது. அது விடுதலை, ஆனால் குற்றம் நீங்கிய விடுதலையன்று. புதிய மேன்முறையீட்டுச் சட்டமோ 1926க்குப் பிற்பட்ட தீர்ப்புக்களுக்கே உரியது. ஆகவே இந்த வழக்குக்கு வழிவிடுவதற்காகவே 1927இல் ஒரு தனிச் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

1928 ஆடி மாதம் எடின்பரோவில் ஐந்து நீதியரசர் முன்னிலையில் மேன்முறையீடு எடுக்கப்பட்டது. சிலேற்றருக்காகத் தோன்றியவர் கிறெய்கி எயிச்சிசன். பொதுமக்கள் எதிர்பார்த்தது, சாட்சிகள் மறுபடி கூண்டிலேறி உண்மையைக் கக்குவார்கள் என்பதே. அது நடக்கவில்லை. லம்பி அமெரிக்காவிலிருந்து வர மறுத்தாள். தான் பின்வாங்கியதாக வெளிவந்த செய்தியையும் முன்னரே மறுத்திருந்தாள். சிலேற்றரின் வாய்மொழியைக் கேட்கவும் நீதியரசர் இணங்கவில்லை. அவன் சீறினான், வழக்கையே கைவிடுவேன் என்றான். டொயில் அவன்மேற் சீறினார். ஒருவாறு சமாதானமாயிற்று.

சட்டத்தின் போக்கு அப்படிப்பட்டது. சாட்சியை நம்புவதும் நம்பாதிருப்பதும் யூரரின் உரிமை. முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு அவர்கள் நம்பியதை, எழுத்திற் படிக்கின்ற மேல்மன்று இலகுவில் மாற்றாது. அச்சாட்சியத்தைக் கொண்டு நியாயமான யூரர் எவரும் அத்தீர்ப்புக்கு வந்திருக்க முடியாது என்று காட்டவேண்டும். அது மலையைப் புரட்டுவது போன்றது. ஆதலால் சாட்சியம் போதாது என்ற வாதத்தை ஐவரும் ஏற்கவில்லை. புதிய சாட்சியம் தீர்ப்பை மாற்றும் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. எயிச்சிசன் கடைசியிற் கைவைத்தது கத்ரி பிரபுவின் அந்த வாக்கியத்தில். ஒழுக்கங் கெட்டவனுக்கும் நிரபராதியெனக் கொள்ளப்படும் உரிமை குறைவற உண்டு. அஃது இல்லையென யூரருக்குச் சொன்னது சட்டப் பிழை. ஒன்பதுக்கு ஆறு என்ற நிலையில் நின்ற யூரரை அப்பிழை சாய்த்திருக்கக் கூடும். ஆடி 20ஆந் திகதி தீர்ப்பு நீக்கப்பட்டது.

வழக்கின் உயிர்நிலையான சாட்சியம் தப்பிக்கொண்டது. நீதிபதியின் வாய்ச்சொல்லே அகப்பட்டது. சிலேற்றருக்கு இதில் முழுத் திருப்தியில்லை. அவன் கொல்லவில்லை என்று மன்று சொல்லவில்லை. சட்டப்படி தீர்க்கப்படவில்லை என்றே சொல்லிற்று.

அரசாங்கம் 6,000 பவுண் கொடுத்தது. வழக்குச் செலவைக் கொடுக்கவில்லை. செலவுக்குப் பிணைநின்ற டொயில், அந்தப் பணத்திலிருந்து அதைத் தரும்படி கேட்டார். செய்யாத குற்றத்துக்குச் சிறையிருந்தவன் தன் செலவையுங் கொடுக்கவேண்டுமா என்றான் சிலேற்றர். இருவரும் பகைவராயினர், 1930இல் டொயில் இறக்கும்வரை அது தீரவில்லை. இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. செலவைத் தீர்க்காது விட்ட அரசாங்கத்தின் பக்கத்திலேதான் அதைக் காண்பது அரிது.

சிலேற்றர் ஸ்கொத்லாந்தை விட்டுப் போகவில்லை. எயர் என்னுங் கடற்கரை நகரில் அமைதியாக வாழ்ந்து, மறுமணஞ் செய்து, 1948 தை மாதத்தில் இறந்தான். கில்கிறிஸ்ற் அம்மையாரின் கொலைக்காக வேறு எவரும் விசாரிக்கப்படவில்லை. உறவினர் சிலர்மேல் சந்தேகம் எழுதப்பட்டது, நிரூபிக்கப்பட்டதில்லை. லம்பியிடங் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று எஞ்சியிருந்தது. பூட்டிய வீட்டின் உள்ளிருந்து அந்நியன் ஒருவன் வருவதைக் கண்ட வேலைக்காரப் பெண் கூக்குரலிடவில்லை. யார் நீ என்று கேட்கவுமில்லை. அவனைப் போகவிட்டு, முதலிற் சமையலறைக்குச் சென்று பார்த்தாள். பின்னர் படுக்கையறைக்குச் சென்றாள். அம்மா எங்கே என்று அடம்ஸ் கேட்ட பின்னரே சாப்பாட்டறைக் கதவைத் திறந்தாள்.